ஆமூர் மற்களமும் ஒலிம்பியா வாகையும்

புறநானூற்றில் 80 முதல் 85 வரை தொடர்ந்து நிற்கும் ஆறு பாடல்களும் ஒரே வீரனைப் பற்றியவை. முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். பின் மூன்றைப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். பாடல்களின் கீழே அமைந்த குறிப்புகள் அவ்வீரனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று சுட்டுகின்றன. முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது அட்டு நின்றவன் அவன் என்பதும் அக்குறிப்பால் அறியப்படுவதே. ஆறு பாடல்களையும் சேர்த்து எண்ணினாலும் ஐம்பது அடிகள் தேறா. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் ஏற்றிய நாள்தொட்டு இந்த அடிகள் இருவகைப் பயனுக்கே பெரிதும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளன. சோழர் குடிவழியை வரிசைப்படுத்த விரும்பியோர் சாத்தந்தையாரை நாடினர். கைக்கிளைக்கு எடுத்துக்காட்டுத் தேடியோர் நக்கண்ணையாரை நாடினர். இரு திறத்தாரும் கடந்து சென்ற ஒரு வினா இப்பாடல்களுக்குள் கிடக்கிறது. களத்தில் வென்றவனுக்கு ஊர் எது என்பதே அவ்வினா.

இவ்வினாவின் எடையை உணரக் கிரேக்கத்தை ஒருமுறை பார்த்துவருவது நல்லது. கி.மு. 776 முதல் நடந்துவந்ததாக மரபு கூறும் ஒலிம்பிய விழாவில் வென்றவனுக்குக் கிடைத்த பரிசு ஒரு காட்டொலிவத் தழை வளையம், அவ்வளவே. டெல்பியில் லாரல் தழை. நெமியாவில் ஒருவகைக் கீரைத்தழை. பொன்னும் பொருளும் விழாக்களத்தில் இல்லை. ஆனால் முடி சூட்டும் நேரத்தில் கட்டியக்காரன் மூன்று செய்திகளை உரக்கக் கூறுவான்: வென்றவன் பெயர், அவன் தந்தை பெயர், அவன் ஊர். இம்மூன்றும் சேர்ந்தால்தான் வெற்றி முழுமையாகும். களம் தழையைத் தந்தது. மற்றதையெல்லாம் ஊர் தந்தது. ஏதென்ஸ் நகரத்தில் ஒலிம்பிய வெற்றியாளனுக்கு 500 திரக்மாவும் இஸ்த்மிய வெற்றியாளனுக்கு 100 திரக்மாவும் தருமாறு சோலோன் சட்டம் வகுத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். நகரமன்றத்தில் வாழ்நாள் முழுதும் உணவு உண்டு. சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரத்தான் எக்ஸைனிட்டஸ் கி.மு. 412இல் ஓட்டத்தில் வென்று திரும்பியபோது, வெண்குதிரைகள் பூட்டிய 300 தேர்கள் அவனைச் சூழ்ந்துவர நகருக்குள் அழைத்துவந்தார்கள். வென்றவன் நுழைவதற்காக மதிலின் ஒரு பகுதியையே இடித்து வழிசெய்யும் வழக்கமும் சில ஊர்களில் இருந்ததாகக் கேள்வி. இத்தகைய ஆடவரை உடைய ஊருக்கு மதில் எதற்கு என்பதே அதன் பொருள் என்று புளூட்டார்க் விளக்குகிறார்.

ஊர் தந்ததை ஊரே திரும்பப் பறிக்கவும் கூடும். இத்தாலியின் தென்பகுதிக் கிரேக்கக் குடியேற்றமான குரோட்டன் நகரத்தான் அஸ்டைலஸ். கி.மு. 488இல் ஒலிம்பிய ஓட்டத்தில் வென்றபோது அவன் குரோட்டனின் மகன். 484, 480ஆம் ஆண்டு விழாக்களில் மீண்டும் வென்றபோது தன்னைச் சிரக்கூஸ் நகரத்தான் என்று அறிவிக்கச் செய்தான். சிரக்கூஸின் ஆட்சியாளரை மகிழ்விப்பதற்காக அப்படிச் செய்தான் என்பர். கால்கள் அவையே, ஓடிய களமும் அதுவே, கட்டியக்காரன் வாயில் வந்த ஊர்ப்பெயர் மட்டுமே மாறியது. குரோட்டன் மக்கள் அவன் சிலையைப் பெயர்த்து வீழ்த்தினர். அவன் வீட்டைச் சிறைச்சாலையாக்கினர். இச்செய்தியைச் சொல்லும் பௌசானியாஸ் அதைப் பழித்தும் புகழ்ந்தும் ஒரு சொல் சேர்க்கவில்லை. அக்காலத்துக் கிரேக்கனுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது போலும்.

சிலைகளைப் பற்றிய பேச்சில் தாசோஸ் தீவின் தியாஜெனிஸ் கதையை விடலாகாது. குத்துச்சண்டையிலும் கலப்பு மற்போரிலும் எண்ணிறந்த வெற்றி பெற்றவன் அவன். அவன் இறந்தபின் பகைவன் ஒருவன் ஒவ்வோர் இரவும் வந்து அவனது வெண்கலச் சிலையைச் சாட்டையால் அடித்துத் தன் ஆத்திரம் தீர்த்துக்கொண்டான். ஓரிரவு சிலை அவன்மேல் சாய்ந்து அவனைக் கொன்றது. இறந்தவனின் மக்கள் சிலையின்மீதே கொலைவழக்குத் தொடுத்தனர். தாசோஸ் மக்கள் சிலையைக் குற்றவாளியென்று தீர்த்துக் கடலில் எறிந்தனர். பின்னர் நிலம் விளைவு பொய்த்தது. டெல்பிக் கோயிலின் அருள்வாக்கு, மறந்துவிட்ட தியாஜெனிஸை நினைவூட்டியது. மீனவர் வலையில் சிலை அகப்பட்டது. பழைய இடத்தில் நிறுத்திக் கடவுளுக்குப் போலப் பலியிட்டு வழிபட்டனர். தமிழகத்தின் நடுகல் மரபை அறிந்தவர்க்கு இக்கதை அயலாகத் தோன்றாது. கல்லாகி நின்றவனை ஊர் மறந்தால் மழை பொய்க்கும் என்ற அச்சம் இரு நிலத்துக்கும் பொதுவே.

இனி ஆமூருக்கு வரலாம். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மானாட்டு ஆமூரைச் செங்கற்பட்டுப் பக்கத்து வாசகர்கள் நினைத்துக்கொள்ளக்கூடும். முக்காவல் நாட்டு ஆமூர் அதனின் வேறு. இனிய கடுங்கள்ளுக்குப் பேர்போன ஊர் அது என்று சாத்தந்தையார் அறிமுகப்படுத்துகிறார். எண்பதாம் பாட்டு மற்பிடியைக் கண்முன் நிறுத்துவது. ஒரு கால் எதிராளியின் மார்பில் மண்டியிட்டு அழுந்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சிப் பிடியை விலக்கி முதுகுப்புறம் வளைந்து பூட்டுகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயலும்போது அதன் இருமுனையும் ஒடிவது போல, மல்லனின் தலையும் காலும் முறிய அடிக்கிறான் வீரன். மற்கலை பயின்றவர் இன்றும் இப்பிடியை வரைந்து காட்ட இயலும், அத்துணைத் துல்லியம். புகழ்ச்சிச் சொல்லை அடுக்காமல் காலின் நிலையைச் சொல்லிப் பாராட்டும் புலவர் களத்தருகே நின்று கண்டவராகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் பாட்டின் உயிர் மற்பிடியில் இல்லை. நடுவே ஒரு பெயர் வருகிறது: தித்தன். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், பொருதற்கரிய தித்தன் இந்த நிலையைக் காணட்டும் என்று புலவர் விழைகிறார். தித்தன் உறையூரை ஆண்ட சோழன். அவன் இக்கிள்ளியின் தந்தை என்றும், மகனோடு பகைகொண்டு விலக்கிவைத்தவன் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். பாட்டினுள் அந்த உறவு வெளிப்படையாக இல்லை. ஆயினும் மகிழாமல் போகக்கூடிய ஒருவன் கண்டே ஆகவேண்டும் என்று ஒரு புலவர் ஏங்குவதற்கு வேறு காரணம் தேடுவது எளிதன்று. எண்பத்துநான்காம் பாட்டில் நக்கண்ணையார் தம் தலைவன் புற்கை உண்டும் பெருந்தோளனாய் இருக்கிறான் என்கிறார். அரசகுமரனுக்குக் கூழ் உணவாகிறது எனில் அரண்மனையின் கதவு அவனுக்கு அடைத்திருக்கிறது என்றே பொருள். தித்தன் என்னும் ஒரு பெயரும் புற்கை என்னும் ஒரு சொல்லும் சேர்ந்தே ஒரு வாழ்க்கை வரலாறு கட்டப்பட்டது. சான்று சிறிதுதான், எனினும் பொருந்தாக் கட்டு என்று தள்ளுவதற்கில்லை.

கிரேக்கக் கட்டியக்காரனின் மூன்று செய்திகளை இங்கே பொருத்திப் பார்க்கவேண்டும். வென்றவன் பெயர் பாட்டில் இல்லை. குறிப்பெழுதியவர் தந்ததே கிள்ளி என்னும் பெயர். தந்தையோ பார்க்க மறுப்பவன். ஊர்? உறையூரிலிருந்து விலக்கப்பட்டவன் ஆமூரில் நின்று பொருகிறான். தோற்ற மல்லனின் நிலை இதற்கு நேர்மாறு: அவனுக்கு ஊர் மட்டுமே உண்டு, பெயர் எங்கும் இல்லை. ஒலிம்பியாவில் இவ்வெற்றி நிகழ்ந்திருந்தால் கட்டியக்காரன் வாய்திறக்க வழியின்றி நின்றிருப்பான். அந்த இடத்தில்தான் சாத்தந்தையார் பேசத் தொடங்குகிறார்.

வீரனின் குடியைக் காட்ட அவர் கையாளும் ஒரே அடையாளம் மாலை. 81, 82ஆம் பாடல்கள் இரண்டிலும் வீரன் ஆர் மாலை சூடியிருக்கிறான். ஆர் என்பது ஆத்தி, சோழர்க்குரிய பூ. இங்கே ஒரு வேற்றுமை கருதத்தக்கது. கிரேக்கத் தழைமுடி எங்கே வென்றான் என்பதைச் சொல்வது. ஒலிவம் என்றால் ஒலிம்பியா, லாரல் என்றால் டெல்பி. தமிழ் மாலை எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்வது. ஒன்று வென்றபின் அணிவிக்கப்பட்டது. மற்றொன்று களம் புகும்போதே தலையில் இருந்தது. உறையூர் தன்னை வெளியே தள்ளியபிறகும் அவ்வூரின் பூவைச் சூடிக்கொண்டு வேற்றூர்க் களத்தில் இறங்கியவனைப் புலவர் அந்தப் பூவினாலேயே அடையாளம் காட்டுகிறார்.

எண்பத்திரண்டாம் பாட்டின் உவமை தனித்து நின்று எண்ணத்தக்கது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அதனினும் விரைந்து முடிந்தது இந்தப் போர் என்கிறார் புலவர். அரசகுமரனின் வெற்றிக்கு அளவுகோலாக வந்தது, சமூகம் தாழ்த்திவைத்திருந்த ஒருவனின் கைத்தொழில் அவசரம். அப்பாட்டு அவனைக் குறிக்கும் சொல்லில் இழிவு ஒட்டியிருப்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அவன் வீட்டுக் கவலையை இத்துணை நெருக்கமாய் அறிந்த பாட்டு சங்கத் தொகையில் மிகச் சிலவே. எதிராளியை இப்பாட்டு ஊரைக் கொள்ள வந்த பொருநன் என்கிறது. ஆக மற்போர் வெறும் உடல்வலிக் காட்சியன்று. தோள்களுக்குப் பின்னால் ஓர் ஊரின் உரிமையே நிற்கிறது.

தமிழகத்தில் இத்தகைய களங்கள் பல இருந்தன. காவிரிப்பூம்பட்டினத்து மணலில் கையாலும் படைக்கலத்தாலும் மெய்தீண்டிப் பொருத வீரரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மதுரையில் மாயோன் மேய ஓணநாளில் சேரி மறவர் ஒருவரோடொருவர் மோதியதை மதுரைக்காஞ்சி வருணிக்கிறது. அகநானூற்றில் பரணர் பாணன் என்னும் மல்லனையும் ஆரியப் பொருநன் ஒருவனையும் பாடியுள்ளார் (அகம். 386). தோள் முறிந்து கிடந்த ஆரியப் பொருநனைக் கண்டு கணையன் நாணினான் என்பது அங்கு வரும் செய்தி. தோற்றவனுக்காக நாணுவதற்கு ஒருவன் இருந்தான். அதே பரணர் மற்றொரு பாட்டில் (அகம். 226), பாணனொடு வந்த கட்டி என்பவன் உறையூரில் தித்தன் வெளியனின் அவையில் ஒலித்த கிணைப்பறை கேட்டே அஞ்சிப் பொராமல் ஓடியதைச் சொல்கிறார். பறையொலியிலேயே பகைவரை விரட்டும் பெருமை உடையதாயிருந்தது உறையூர் அவை. அந்த அவை தன் குடிப்பிறந்தான் வென்றபோது வாளாவிருந்தது என்பதை நினைக்குங்கால், கிள்ளியின் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்ட போரவை என்ற சொல் கூர்மை பெறுகிறது. தந்தையின் அவையில் இடமில்லாதவன் போர்க்களத்தையே அவையாக்கிக்கொண்டான்.

கிரேக்கத்தில் வெற்றிப்பாட்டு ஒரு தொழிலாக வளர்ந்தது. சிமோனிடிஸ், பிண்டார், பக்கிலிடிஸ் ஆகியோர் வென்றோரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் பொருள் பெற்றே பாடினர். பிண்டாரின் வெற்றிப்பாட்டுகளுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. அவற்றுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஈஜினா என்னும் ஒரு சிறு தீவின் வீரர்க்கு உரியவை. ரோட்ஸ் தீவின் குத்துச்சண்டை வீரன் டயாகரஸுக்காகக் கி.மு. 464இல் அவர் பாடிய பாட்டை லிண்டாஸ் நகரத்து அதீனா கோயிலில் பொன்னெழுத்தில் பொறித்துவைத்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. பாட்டு ஊருக்குச் சொத்தாயிற்று. கி.மு. 446இல் ஈஜினாவின் மல்லன் அரிஸ்டோமினிஸைப் பாடும்போது பிண்டார் தோற்றவர்களையும் நினைக்கிறார்: அவர்கள் பகைவர் கண்ணில் படாமல் சந்துபொந்துகள் வழியே ஒதுங்கி ஊர் திரும்புகிறார்கள், தாயின் முகத்திலும் சிரிப்பு மலர்வதில்லை. வென்றவன் மதிலை இடித்துக்கொண்டு நுழைகிறான். தோற்றவனுக்குக் கொல்லைச் சந்துதான். இவ்வளவு ஆரவாரமும் தகுமா என்று கேட்டவரும் கிரேக்கத்தில் இருந்தனர். மற்போரில் ஒருவன் வென்றதால் ஊரின் ஆட்சி சிறந்துவிடாது; உடல்வலியினும் தம் அறிவே மேலானது என்று செனோபனிஸ் என்னும் புலவர் பாடியிருக்கிறார். புலவர்க்குரிய சிறு பொறாமையும் அதில் கலந்திருக்கலாம்.

சாத்தந்தையாரின் நிலை இவர்கள் யாருடையதும் அன்று. கூழ் உண்பவனிடம் பரிசில் எதிர்பார்ப்பதற்கில்லை. தித்தனிடம் செல்வது நோக்கமாயின் இப்படியொரு பாட்டைப் பாடியிருக்கவே மாட்டார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாத வீரனைப் பற்றி, கேட்பதற்கு மனமில்லாத அரசனை விளித்து எழுந்தது இப்பாட்டு. எண்பத்தோராம் பாட்டில் களிறு இடியென முழங்குகிறது, ஆர்ப்பொலி கடலினும் பெரிதாகிறது. கூழ் உண்டவனிடம் களிறு வந்துசேர்ந்த கதையை அவர் பாடவில்லை. வென்றவன் பின்னாளில் பெற்ற செல்வத்தைவிட அவன் ஊரற்று நின்ற பொழுதே தம் பாட்டுக்கு உரியதென அவர் கொண்டார் போலும்.

நக்கண்ணையார் பாடல்கள் மூன்றும் களத்துக்கு வெளியே நிற்பவை. ஒலிம்பியாவில் மணமான பெண்கள் விழாக்களத்துக்குள் நுழைதல் குற்றம். பிடிபட்டால் டைபியம் மலையுச்சியிலிருந்து உருட்டிவிடவேண்டும் என்பது சட்டம். டயாகரஸின் மகள் கல்லிபட்டைரா தன் மகன் பொருவதைக் காண ஆண்வேடமிட்டுப் பயிற்றுநராக உள்ளே சென்றாள். மகன் வென்ற களிப்பில் தடுப்பைத் தாண்டிக் குதித்தபோது வேடம் கலைந்தது. தந்தையும் உடன்பிறந்தாரும் மகனும் வென்ற குடும்பம் என்பதால் தண்டிக்காமல் விட்டனர். அன்றுமுதல் பயிற்றுநரும் ஆடையின்றியே களம் புகவேண்டும் என்று விதி செய்தனர். உறவும் வெற்றியும் அவளைக் காத்தன.

நக்கண்ணையாருக்கு உறவுமில்லை, உரிமையுமில்லை. தொடி கழலுமாயின் தாய்க்கு அஞ்சவேண்டும்; அவன் தோளைத் தழுவ நினைத்தால் அவைக்கு நாணவேண்டும். தாயும் அவையும் இருபுறமும் நெருக்க, ஒருபாலும் படாமல் இருபால் பட்டு மயங்கும் இந்த ஊரும் தன்னைப்போல நடுங்கட்டும் என்கிறார் எண்பத்துமூன்றாம் பாட்டில். வீரனைப் பற்றிய பாட்டு திடுமென ஊரைப் பற்றியதாக மாறுவது இங்கேதான். எண்பத்துநான்கில், விழா நடக்கும் அப்பேரூரில் தருக்கித் திரிந்த மறவர்க்கு அவன், உப்பு வணிகர் வண்டியோடு கடக்க அஞ்சும் ஆற்றுத்துறை போன்றவன் ஆகிறான். அருகில் இருந்தும் அவரோ பசலையால் பொன்னிறம் கொள்கிறார்.

எண்பத்தைந்தாம் பாட்டில் வினா நேரடியாகவே வந்துவிடுகிறது. இது அவனுக்கு ஊரன்று, இது அவனுக்கு நாடுமன்று. ஆதலால் வெற்றி அவனதே என்கின்றனர் ஒரு சாரார், இல்லை என்கின்றனர் மற்றொரு சாரார். களத்தில் மார்பும் முதுகும் பூட்டுண்டு ஒருவன் கிடப்பதைக் கண்டபின்னும் இருவேறு தீர்ப்பு எழுவதற்குக் காரணம் உடல்வலி பற்றிய ஐயமன்று. வேற்றூரான் வென்றால் அதை வெற்றியென ஒப்புவதா என்னும் தயக்கமே. அஸ்டைலஸ் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லிச் சிலை இழந்தான். கிள்ளி சொல்ல ஓர் ஊரின்றி வெற்றியையே வழக்காக்கக் கண்டான். அவ்விரு சாராரின் பேச்சையும் நல்ல பலரின் நன்மொழிகள் என்று நக்கண்ணையார் குறிப்பதில் எள்ளல் இல்லாமல் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பெருங்கோழி என்பது உறையூருக்குரிய பெயர்களுள் ஒன்று. அவ்வழிக் கொண்டால் நக்கண்ணையார் உறையூர் நாய்கன் ஒருவனின் மகள். எம் இல் என்று அவர் சுட்டும் வீட்டு முற்றத்துப் பனையடியில் நின்றே மற்போரைக் காண்கிறார். அந்த வீடு ஆமூரில் இருந்ததென்று கொள்வதே வழக்கம். குறிப்பும் ஆமூரையே சொல்கிறது. ஆனால் அவர் பெயர் சுமந்துநிற்கும் ஊரை நினைவில் கொண்டு பாட்டைப் படித்தால், இது அவன் ஊரன்று என்னும் தொடருக்கு வேறொரு கசப்பும் கேட்கிறது. பிறந்த ஊரே ஒருவனை விலக்கியபின், எந்த ஊரில் நின்றாலும் அவனைக் குறித்துச் சொல்லத்தக்க சொல் அதுவே.

ஊருக்கும் மல்லனுக்கும் உள்ள உறவு பிற்காலத்தில் வேறு வடிவம் கொண்டது. பொத்தேரியிலிருந்து தென்கிழக்கே கடற்கரையை அடைந்தால் மாமல்லபுரம். கி.பி. 630 முதல் 668 வரை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன் பெருமல்லன் என்னும் பொருளில் மாமல்லன் எனப்பட்டான்; ஊர்ப்பெயர் அவனால் வந்தது என்பர். மல்லை என்னும் பழம்பெயரே முன்னது என்று வாதிடுவோரும் உளர். எவ்வாறாயினும், மல்லனுக்கு ஊர் வேண்டியிருந்த காலம் போய், ஊரே மல்லன் பெயரைத் தாங்கும் காலம் வந்துவிட்டது. பேரரசனுக்குக் கட்டியம் கூறப் பலர் உண்டு, கல்லும் கூறும். கிள்ளிக்கு இருந்தவர் இருவர்.

அவ்விருவருள் ஒருவர் தித்தன் காண்க என்று வேண்டினார். தித்தன் கண்டான் என்று எந்தப் பாட்டும் கூறவில்லை. மற்றவர் யாரையும் வேண்டவில்லை. ஊர் இரண்டுபட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், சிலம்பு ஒலிக்க ஓடி, முழவு போன்ற அடியுடைய பனையைப் பற்றி நின்று, வெற்றி அவனதே ஆதலைக் கண்டேன் என்று தாமே கூறினார் பெருங்கோழி நாய்கன் மகள்.